கதவின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை

லிஃப்ட் மெக்கானிக்கைப் பொறுத்தவரை புகார் என்பது நல்ல விஷயம். இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. லிஃப்ட் நாலாவது மாடியில் ஒரு குலுக்குக் குலுக்குகிறது என்று யாராவது போன் செய்தால், அவர் போய் முதலில் லிஃப்டை நிறுத்துவார். 'பழுது' என்று பலகை மாட்டுவார். அப்புறம்தான் பையைத் திறந்து, ஏன் குலுக்குகிறது என்று பார்ப்பார். குலுக்குகிறது என்று சொன்ன ஆள் நல்ல குடும்பமா, அன்றைக்கு என்ன உடை போட்டிருந்தார், நாலாவது மாடிக்கு எதற்காகப் போனார் என்றெல்லாம் அவர் இதுவரை யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. படிப்பு கம்மி.

அதனால்தான் ஒரு திங்கட்கிழமை காலையில், அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் புகார் கொடுக்கப் போனபோது அவர் ஒரு நம்பிக்கையோடுதான் போனார். இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை. சோறு இறங்கவில்லை. இருந்தாலும், போய்ச் சொன்னால் முதலில் நிறுத்துவார்கள், அப்புறம் ஏன் என்று பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு, நாடக ஒத்திகைக்குப் போட்ட உடையைத் திருப்பி வைக்க, அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் உடை அறைக்கு மகள் போனாள். பதினைந்து வயது; வீட்டில் இன்னும் பாப்பாதான். ஒரு வகுப்பு மேலே படிக்கிற பையன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான். அவளைப் பிடித்து நிறுத்தி, தொடக்கூடாத விதத்தில் தொட்டான். அவள் வேண்டாம் என்றாள். கத்தினாள். கடைசியில் அவன் கையைக் கடித்துவிட்டு, தாழைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ்; எந்தப் புண்ணுக்கும் அதன் பெயரைச் சொல்லியே பழகியவள். அப்பாதான் வார்த்தையை மென்று முழுங்கினார்.

"அங்க போய் 'அந்த மாதிரி விஷயம்'னு சொல்லிட்டு நிக்காதீங்க," என்றாள் மனைவி. "பாலியல் வன்முறைன்னு சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்."

அவர் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடியும் சொல்ல வைத்தாள்.

"நேரா போலீஸுக்கே போயிரலாம்," என்று அவளே சொன்னாள். மகள்தான் தடுத்தாள்.

"முதல்ல ஸ்கூல்ல சொல்லுவோம்மா. நான் அங்கதானே படிக்கணும். நடந்துச்சுன்னு அவங்க எழுதிக்கிட்டா போதும். நான் என் கிளாஸுக்குப் போயிருவேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நடந்ததை நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மனைவி பெருமூச்சு விட்டாள். "நான் வந்தா கத்திருவேன். கத்தினா அதையே பிடிச்சுக்குவாங்க. நீங்க போங்க. உங்களுக்குத்தான் பொறுமை."

பள்ளி அலுவலக வாசலில் ஒரு பளபளப்பான பலகை தொங்கியது. 'புகாரற்ற வளாகம்: 1,412ஆம் நாள்.' எண்களைத் தினமும் மாற்றுவதற்குக் கொக்கியும் தகடுகளும் வைத்திருந்தார்கள். மெக்கானிக் இதே மாதிரிப் பலகைகளைத் தொழிற்சாலைகளில் பார்த்திருக்கிறார். விபத்து நடந்தால் அங்கே எண்ணைக் கழற்றிப் பூஜ்யம் மாட்டுவார்கள். இங்கே அந்தத் தகட்டுப் பெட்டியில் பூஜ்யம் இருந்தது, ஆனால் அதைத் தனியாக மாட்டும் வழக்கம் இல்லை.

உள்ளே தட்டச்சர் அம்மா இருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கேட்காததற்கு நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

"புகார் கொடுக்கணுங்க," என்றார் மெக்கானிக்.

"புகார் படிவம் இல்லீங்க."

"தீந்துபோச்சா?"

"அச்சடிக்கவே இல்லீங்க. புகாரே வராத ஸ்கூல்ல எதுக்குப் புகார் படிவம் வெச்சிருக்கீங்கன்னு ஆய்வுக்கு வர்றவங்க கேப்பாங்க இல்லையா? மூணு படிவம் இருக்கு. காணாமப் போன பொருள், பெற்றோர் பாராட்டு, விபத்து முதலுதவி. எது வேணும்?"

மெக்கானிக் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாராட்டுப் படிவம்தான் பெரிதாக இருந்தது. வேறு வழி தெரியாமல், வெள்ளிக்கிழமை, உடை அறை என்று மெதுவாக ஆரம்பித்தார். தட்டச்சர் அம்மாவின் முகம் தெளிந்தது.

"உடை அறையா? அது ஏற்கெனவே பதிவாயிருக்கே."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாப்பா நினைத்த மாதிரியே எழுதிவிட்டார்கள். தட்டச்சர் அம்மா ஒரு தடிப் பதிவேட்டைப் புரட்டி அவர் பக்கம் திருப்பி வைத்தார். இடம்: உடை அறை. காயம்பட்டவர்: மாணவன். காயத்தின் வகை: கடி. அதற்குக் கீழே நாய், பூச்சி, பிற என்று அச்சடித்திருந்ததில் 'பிற' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'மாணவி' என்று எழுதியிருந்தது. சிகிச்சை: களிம்பு, கட்டு, ஒரு சாக்லேட்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க," என்று கடைசிக் கட்டத்தைக் காட்டினார். 'கடித்தவரின் பாதுகாவலர்.'

"அவ எதுக்குக் கடிச்சான்னு எழுத இடம் இல்லையா?"

"காரணத்துக்கு ஒரு கட்டம்தாங்க. அதுல 'பிற'ன்னு போட்டாச்சு." பிறகு, விடுபட்டது ஏதோ நினைவு வந்தவராக, "பாப்பாவுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கீங்கல்ல?" என்று கேட்டார்.

மெக்கானிக் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போடாதவர்களை அனுப்புவதற்கென்று மாடியில் ஒரு அறை இருந்தது. அங்கே நலன் ஒருங்கிணைப்பாளர் இருந்தார்.

அது மெத்தென்ற அறை. நாற்காலி உட்கார்ந்தவுடன் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டது. மேஜையில் பிளாஸ்டிக் செடி ஒன்று, அழுபவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை ஒரு பெட்டி. ஒருங்கிணைப்பாளர் தலையைச் சற்றே சாய்த்துப் புன்னகைத்தார். அந்தச் சாய்வுக்கு அவர் ஆறு மாதப் பயிற்சி எடுத்திருந்தார். சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது.

மெக்கானிக், வீட்டில் ஒத்திகை பார்த்தபடி, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒருங்கிணைப்பாளர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இந்த ரூம்ல நாங்க புகார்னு சொல்றதில்ல சார். பகிர்வுன்னு சொல்வோம். நீங்க சொன்ன வார்த்தை சட்டத்தோட வார்த்தை. நாங்க கல்வி நிறுவனம். எங்க வார்த்தை, 'எல்லை தொடர்பான புரிதல் இடைவெளி'."

"யாரோட புரிதல்ங்க?"

"ரெண்டு பேரோடதும்தான். இடைவெளின்னா ரெண்டு பக்கமும் இருக்கணும் இல்லையா?"

மெக்கானிக்குக்கு இது பிடிபடவில்லை. தன் மகள் பக்கம் இருந்தது இடைவெளி இல்லை, பூட்டின கதவு என்று சொல்ல நினைத்தார். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் தொடர்ந்தார்.

"உண்மையச் சொல்லணும்னா அந்தப் பையன்தான் ரொம்ப ஆடிப்போயிருக்கான். இதுவரைக்கும் அவனை யாரும் கடிச்சதில்ல. அவன் நம்ம வினாடி வினா டீமோட கேப்டன். இன்னும் மூணு வாரத்துல இறுதிப் போட்டி. இந்த நேரத்துல ஒரு குழந்தையோட மனசு கலங்கிரக் கூடாது பாருங்க."

"என் குழந்தையோட மனசு?"

"அதுக்குத்தான் பாதுகாப்புத் திட்டம் போட்டு வெச்சிருக்கோம்," என்று அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். பள்ளியின் வரைபடம். நடைபாதை, கிழக்குப் படிக்கட்டு, கேன்டீன், விளையாட்டு மைதானம், இடைவேளை நேரத்தில் கழிப்பறை எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. அந்தப் பையன் நடமாடும் இடங்கள் அவை. மகள் அங்கெல்லாம் போகக் கூடாது. வகுப்புக்கும் வேண்டாம். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். கழிப்பறைக்குப் பதினொன்றரைக்கும் இரண்டு பத்துக்கும் போகலாம்.

"அந்தப் பையனுக்கு மேப் எங்க?"

"அவனுக்கு எதுக்கு சார் மேப்? அவன் எங்க வேணா போகலாமே."

மெக்கானிக் மெத்தை நாற்காலியிலிருந்து முன்னால் நகர முயன்றார். முடியவில்லை. அங்கிருந்தபடியே சொன்னார். "நான் லிஃப்ட் வேலை பாக்கிறவன்ங்க. எங்களுக்குப் புகார் வந்தா லிஃப்டைத்தான் நிறுத்துவோம். ஏறுறவங்களைப் பிடிச்சு ஒரு ரூம்ல உக்கார வெக்க மாட்டோம்."

ஒருங்கிணைப்பாளர் கண்கள் பனிக்க இதைக் குறித்துக்கொண்டார். இரண்டு நாளில் பள்ளியிலிருந்து முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி. பள்ளியில் லிஃப்ட் அமைக்கும் உத்தேசம் தற்போது இல்லை. படிக்கட்டுகள் நல்ல நிலையில் உள்ளன.' கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. உள் நடைமுறை முடிவதற்கு முன் வெளியாரிடம் பேசுவது நடைமுறையின் மனநலத்தைப் பாதிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கும்படி அந்த வரி கேட்டுக்கொண்டது.

பாப்பா நூலகத்துக்குப் போனாள். வெளியாரிடம் பேசவில்லை. தினமும் சாயங்காலம் பையைக் கழற்றி வைப்பதற்கு முன்னாலேயே, "எழுதிக்கிட்டாங்களாப்பா?" என்று கேட்பாள். "பாத்துக்கிட்டிருக்காங்கம்மா," என்பார் அவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் தினமும் அப்படியே நிறைந்து திரும்பி வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று நர்ஸ் அதட்டியபோது, "குடிச்சா பதினொன்னரைக்கு முன்னாடியே வந்துருதும்மா," என்றாள். அன்றைக்கு நர்ஸ் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மெக்கானிக் வெளியே நின்று கதவைத் தட்டவும் தெரியாமல், தட்டாமல் போகவும் தெரியாமல் நின்றார்.

இதற்கு நடுவில் நூலகத்தில் அவளிடம் 'சுய சிந்தனைத் தாள்' ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே கேள்வி. 'அடுத்த முறை நான் எவ்வாறு வேறு விதமாக நடந்துகொள்வேன்?' அவள் யோசித்து, அழகான கையெழுத்தில், 'இன்னும் அழுத்திக் கடிப்பேன்' என்று எழுதிக் கொடுத்தாள். தாள் மறுநாள் திரும்பி வந்தது. 'கையெழுத்து நன்று. சிந்தனையில் முன்னேற்றம் தேவை.'

புகார் சொன்ன பதினைந்தாம் நாள் முதல்வரே போன் செய்தார். "நடவடிக்கை எடுத்தாச்சு. நேர்ல வந்து பாத்துட்டுப் போங்க," என்றார். மெக்கானிக் ஒரு குடியிருப்பின் உச்சியில், இயந்திர அறையில், கம்பி வடத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடினார்.

முதல்வர் வாசலிலேயே காத்திருந்து அவரை அரங்கத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். உடை அறை திறந்து கிடந்தது. கதவு இல்லை. நிலை மட்டும் நின்றது. இரண்டு தச்சர்கள் கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அஞ்சு நாள் விசாரணை பண்ணோம் சார். மூல காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டோம்," என்றார் முதல்வர், குரலில் பெருமை பொங்க. "உள்பக்கம் தாழ் போடுற மாதிரி கதவு இருந்ததுதான் காரணம். அந்தக் கதவு மட்டும் இல்லேன்னா இது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க. எந்தத் தயவுதாட்சண்யமும் பாக்கல. கழட்டிட்டோம்."

"அந்தப் பையன் மேல?"

"சார், நான் சொல்றத நீங்க கவனிக்கல. கதவே போயாச்சு."

தூக்கிக்கொண்டு போன கதவில் 'மறு உத்தரவு வரும் வரை பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒட்டியிருந்தது. இந்தக் கதையில் இடைநீக்கம் செய்யப்பட்டது அது ஒன்றுதான் என்பதால் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

அன்றைக்குப் பள்ளியில் மரியாதை வாரம் தொடங்கியது. மைதானத்தில் எல்லா மாணவர்களையும் நிறுத்தி, முதல்வர் நாற்பது நிமிடம் பேசினார். பெண்களை மதிப்பது எப்படி என்று பெண்களுக்கு அறிவுரை சொன்னார். முடிவில் உறுதிமொழி வாசிக்க ஒரு மாணவனை அழைத்தார்கள். நல்ல உச்சரிப்பு உள்ளவன் வேண்டும் என்று தேடியதில், வினாடி வினா கேப்டன்தான் கிடைத்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்து, 'எவரையும் அவர் விருப்பமின்றித் தொட மாட்டேன்' என்று கணீரென்று வாசித்தான். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மெக்கானிக் நூலகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். மைதானம் சிவப்புக் கோட்டுக்குள் வருவதால் அவளால் இறங்கி வந்து உறுதிமொழி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

 மெக்கானிக் கோபக்காரர் இல்லை; இருபத்திரண்டு வருடத்தில் ஸ்பேனரை வீசி எறிந்ததில்லை. அன்றைக்குக் கையில் ஸ்பேனர் இல்லாதது நல்லதாகப் போயிற்று. நேராக முதல்வர் அறைக்குப் போய், "எழுதிக்கிற வரைக்கும் நான் தினம் வருவேன்," என்றார். சொன்னபடியே மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து, புகாரற்ற வளாகப் பலகைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வருகிற பெற்றோர் எல்லாம் என்ன விஷயம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் ஒத்திகை பார்த்த வார்த்தை இப்போது அவர் வாயில் தடுமாறாமல் வந்தது. மூன்றாம் நாள், இதைப் பற்றிப் பேச ஒரு குழு கூடுகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் குழு கூடியது. முதல்வர் தலைவர். ஒருங்கிணைப்பாளர் உறுப்பினர். உடற்பயிற்சி ஆசிரியர் உறுப்பினர். அவர் எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. பெற்றோர் பிரதிநிதி என்று ஒரு அம்மா இருந்தார். அவர் அந்தப் பையனின் சித்தி. உறவு விஷயத்தில் பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக அவரைப் பையனின் சித்தி என்று யாரும் குறிப்பிடவில்லை. மேஜை ஓரத்தில் தட்டச்சர் அம்மா கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

இங்கே பள்ளியின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளி ஒரு தர முத்திரைக்காக நாலு வருடமாகத் தவம் கிடந்தது. போன வருடம் ஆய்வுக்கு வந்தவர்கள், கூட்டக் குறிப்புகள் சுருக்கமாக இருப்பதாகச் சொல்லி இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கூட்டம் ஆனாலும், யார் என்ன பேசினாலும், சொல்லுக்குச் சொல் பதிவு செய்ய வேண்டும் என்பது முதல்வரின் கண்டிப்பான உத்தரவு. கூட்டம் முடிந்த கையோடு மூன்று பிரதி எடுத்து, எல்லோரும் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஒரு பிரதியை வந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். தட்டச்சர் அம்மா இருமலைக்கூட விட மாட்டார். '(முதல்வர் இருமினார்)' என்று அடித்துவிடுவார்.

முதல்வர் ஒரு தாளை மெக்கானிக் பக்கம் தள்ளினார். 'பகிர்வு சுமுகமாக நிறைவுற்றது. புகார் எதுவும் இல்லை.' கீழே பெற்றோர் கையொப்பம்.

"இது வேணாங்க," என்றார் மெக்கானிக். "என் பொண்ணு மேல உங்க ஸ்கூல்ல பாலியல் வன்முறை நடந்துச்சு. அத எழுதிக்கோங்க. அது போதும்."

"எழுதினா அது புகார் ஆயிரும் சார்," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"ஆகட்டும்."

"புகார் ஆச்சுன்னா விசாரிக்கணும். விசாரிச்சா அந்தக் குழந்தை மேல ஒரு முத்திரை விழுந்துரும்."

"எந்தக் குழந்தை மேல?"

பெற்றோர் பிரதிநிதி குறுக்கிட்டார். "பசங்கன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. வளர்ற வயசு. உங்க பொண்ணும்தான் தனியா ஏன் அந்த ரூமுக்குப் போகணும்?"

"டிரஸ்ஸை அங்க கொண்டுபோய் வெக்கச் சொன்னதே ஸ்கூல்தாங்க."

"சொன்னா போயிரணுமா?" என்றார் அவர்.

உடற்பயிற்சி ஆசிரியர் தன் பங்குக்கு, ஓடிவந்த வேகத்தைப் பார்த்தால் பெண்ணுக்குத் தடகளத்தில் எதிர்காலம் இருப்பதாகக் கருத்துச் சொன்னார். தட்டச்சர் அம்மா அதையும் அடித்தார். ஒரு மணி நேரம் போயிற்று. ஒவ்வொருவரும் சுற்றிச் சுற்றி வழவழா கொழகொழா என்று பேசி முடித்ததும் மெக்கானிக் அதே குரலில், "எழுதிக்கோங்க," என்பார். தேநீர் வந்தது. எல்லோரும் குடித்தார்கள். அவர் கோப்பையைத் தொடவில்லை. "எழுதிக்கோங்க," என்றார்.

முதல்வர் அடிப்படையில் பொறுமைசாலி. பொறுமை பற்றி அவர் ஆண்டுமலரில் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் நாலு மணிக்கு அவருக்கு வேறு கூட்டம் இருந்தது. அவர் மேஜையைத் தட்டினார்.

"உங்களுக்கு மட்டும்தான் சார் இவ்வளவு பிடிவாதம்! நாலு வருஷத்துல உங்களுக்கு முன்னாடி ஆறு பேரு இதே நாற்காலில உக்காந்திருக்காங்க. ஆறு பேரும் படிச்சவங்க, கௌரவமானவங்க. அழுதாங்க, டீ குடிச்சாங்க, கையெழுத்து போட்டுட்டு போனாங்க. இந்தப் பையன் விஷயமாவே ரெண்டு பேர் வந்தாங்களே! அவங்களுக்கு இல்லாத வலியா உங்களுக்கு? ஒருத்தராவது எழுதிக்கோன்னு கேட்டிருப்பாங்களா? அப்படி ஒவ்வொண்ணையும் எழுதியிருந்தா வெளில அந்தப் போர்டு தொங்குமா?"

அறையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தட்டச்சர் அம்மா நிமிராமல் கேட்டார்.

"சார், ஆறுங்கிறது எண்ணுல போடணுமா, எழுத்துலயா?"

"ரெண்டுலயும் போடுங்க. தரமா இருக்கணும்," என்றார் முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஒருங்கிணைப்பாளரின் தலை மட்டும் சாய்வை மறந்து நேரானது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அவர் சொல்வதும் பதிவாகும் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். பெற்றோர் பிரதிநிதி கைப்பையைத் தேடினார். மெக்கானிக் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் 'எழுதிக்கோங்க' என்று சொல்லவில்லை.

அச்சு இயந்திரம் மூன்று பிரதிகளைத் துப்பியது. முதல்வர் ஒரு நாளைக்கு நாற்பது தாளில் கையெழுத்துப் போடுபவர். படிப்பது அவர் வேலை இல்லை. மூன்றிலும் பக்கத்துக்குப் பக்கம் சுழித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் போட்டுவிட்டதால் மற்றவர்களும் போட்டார்கள். தட்டச்சர் அம்மா முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் தேய்ந்துவிடாமல் அழுத்திக் குத்தினார். ஒரு பிரதியை உறையில் போட்டு மெக்கானிக்கிடம் நீட்டினார். "பெற்றுக்கொண்டேன்னு இங்க போடுங்க," என்றார். அந்த இடத்தில் மட்டும் அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. நர்ஸ் பகல் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். பாப்பா வழக்கம்போலக் கேட்பதற்கு முன்னால் அவர் உறையை அவளிடம் கொடுத்தார். பதினொரு பக்கம். அவள் மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். தடகளம் வந்த இடத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒன்பதாவது பக்கம். அதில் ஓர் இடத்தில் விரலை வைத்தவள் அதற்கு மேல் படிக்கவில்லை.

"அப்பா, இந்த ரெண்டு பேரோட பொண்ணுங்க யாரு?"

"தெரியலம்மா. பேரு சொல்லல."

"என் ஸ்கூல்தானே? நான் பாத்திருப்பேன்ல?" விரல் நகரவில்லை. "நான் மட்டும்தான்னு நெனச்சேன். நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு." பிறகு நிமிர்ந்தாள். "அவங்க வந்து சொன்னப்ப இவங்க எழுதியிருந்தா, எனக்கு நடந்தே இருக்காதுல்ல?"

  நர்ஸ் கழற்றிய செருப்பை மறுபடி போட்டுக்கொண்டாள். "கிளம்புங்க ரெண்டு பேரும்," என்றாள். இந்த முறை மகள் தடுக்கவில்லை.

குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு, காவல் நிலையத்தின் பின்பக்கம் இரண்டு மேஜை போட்ட சின்ன அறை. மெத்தை நாற்காலி இல்லை. சாதாரண உடையில் இருந்த ஒரு பெண் அதிகாரி அவர்களை உட்காரச் சொல்லி, உறைக்குள் இருந்ததை முழுதாகப் படித்தார். ஒன்பதாவது பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல், பாப்பாவைப் பார்த்துக் கேட்டார். "என்னம்மா நடந்துச்சு? நீயே சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

பத்தொன்பது நாளில் அவளை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. மெக்கானிக் வெளியே போய்விடலாமா என்று எழுந்தார். மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அதிகாரி பேனாவைத் தாளின் முதல் வரியில் வைத்தார்.

"மேடம், அங்கிருந்து ஆரம்பிக்காதீங்க," என்றாள் பாப்பா. "மேல ரெண்டு பேருக்கு இடம் விட்டு எழுதுங்க. அவங்க எனக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க."